‘நல்ல’ என்ற சொல்லுக்கு இடமில்லை

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்த ராக்கம்மா என்ற பெண்ணின் வேலையை நான் கெடுத்தேன். ஒரு செய்தித் தலைப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்தேன், அதனால் அவர் வேலை போனது. பிறகு கேள்வி வந்தபோது, அந்தச் சொல்லை எடுத்தது நான் அல்ல, பக்கங்களை வெட்டி ஒட்டும் பேஸ்ட் அப் பிரிவில் இருந்த இஸ்மாயில் பாய்தான் என்று பொய் சொன்னேன். இரண்டும் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தவை. அப்போது கோவையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அதே நாளிதழில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் நிருபர் சென்ற மாதம் கூப்பிட்டார்.

“சார், மைக்ரோபயோம்னு தினமும் ஒரு செய்தி வருதுங்க. குடல்ல இருக்கற பாக்டீரியா கூட்டமாம். தமிழ்ல என்னன்னு போடறதுங்க? அந்தக் காலத்துல சயின்ஸ் எல்லாம் நீங்கதான் பார்ப்பீங்களாமே.”

“நுண்ணுயிர்த் தொகுதின்னு போடும்மா.”

“அய்யோ, நீளமா இருக்குங்களே சார். தலைப்புல உக்காராதே. சும்மா கிருமின்னே போட்டுக்கட்டுங்களா?”

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று அவரிடம் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் தாவரவியல் பட்டதாரி. பாக்டீரியாவை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன். அதனாலேயே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அறிவியல் செய்திகள் என் மேஜைக்கு வந்தன. டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வருவதைக் கிழித்துத் தமிழாக்கித் தர வேண்டும். கற்றுக்கொண்டது அதிகமில்லை. ஆராய்ச்சியாளர் ‘குணமாகக்கூடும்’ என்பார், நாங்கள் ‘குணமாகும்’ என்போம். அவர் ‘எலிகளில்’ என்பதை முதல் வரியில் சொல்லியிருப்பார், நாங்கள் கடைசி வரிக்குத் தள்ளுவோம். இடம் போதாமல் போனால் செய்தியின் வால்தான் முதலில் வெட்டப்படும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எலிகள் அப்படித்தான் காணாமல் போகும். பத்து வருடம் இதைச் செய்தேன். யாரும் கேட்கவில்லை.

செய்தி ஆசிரியர் நாச்சிமுத்து சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேஜையில் எப்போதும் ஒரு பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் இருக்கும். நாம் எழுதிய தாளை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே படிப்பார். விரல் நின்ற இடத்தில் தவறு இருக்கிறது என்று அர்த்தம். எது தவறு என்று சொல்ல மாட்டார். “பாத்துக்க கண்ணு” என்று தாளைத் திருப்பித் தருவார். நாமாகக் கண்டுபிடித்து நாமாகத் திருத்த வேண்டும். அந்த முறையில் நிறையப் பேர் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டோம். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. எந்தத் திருத்தமும் அவர் கையால் நடந்ததாக இருக்காது.

டாக்டர் வசந்தாமணி அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கோவையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தார். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசாத அந்தக் காலத்தில், அவர் பஸ் பிடித்து வால்பாறை போய் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் மலம் சேகரித்துக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, மடியில் ஐஸ் பெட்டியோடு வருவார். தலைமுறைகளாக மலையிலேயே இருந்து, ஒரே மாதிரி உணவு தின்று, மருந்து மாத்திரை அதிகம் காணாதவர்களின் வயிற்றில் என்னென்ன இருக்கிறது, டவுன்காரர்கள் வயிற்றில் என்னென்ன குறைந்துவிட்டது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு ஒரே ஆட்களிடம் சில மாத இடைவெளியில் இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டும்.

முதல் முறை எடுத்த முகாமுக்கு நானும் எங்கள் போட்டோகிராபரும் போனோம். யாரும் டப்பாவை வாங்க முன்வரவில்லை. ஒரே சிரிப்பு. அப்போதுதான் ராக்கம்மா இடுப்பில் காப்பகத்துக் குழந்தை ஒன்றோடு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கால் சரியில்லாததால் கொழுந்து பறிப்பிலிருந்து மாற்றிக் காப்பகத்தில் போட்டிருந்தார்கள். அந்த லயன்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவர் கையில் பால் குடித்தவை.

“குடுங்கம்மா இங்க. நாப்பது புள்ளைங்க பீயத் தெனமும் அள்றேன். என்னுத அள்றதுக்கு என்ன வெக்கம்?” என்று டப்பாவை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, “ஏனுங்க சார், இதையும் பேப்பர்ல போடுவீங்களா?” என்றார்.

“போடுவோம்.”

“அப்ப நல்லதா நாலு வார்த்தை போடுங்க” என்றார். கூட்டம் சிரித்தது. பின்னால் வரிசை நின்றது. அவர் வாங்கியதால்தான் மற்றவர்கள் வாங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அந்த மாதிரிகளைச் சோதித்து முடித்ததும் டாக்டர் எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். இந்தப் பாக்டீரியாக்கள் நோய் தருபவை அல்ல, செரிக்க வைப்பவை, கெட்டதை அண்டவிடாதவை, இவர்களிடம் அவை நிறைய இருப்பது போலத் தெரிகிறது, இன்னும் உறுதியில்லை என்றார். கடைசியில், “‘கிருமி’ன்னு மட்டும் போட்டுறாதீங்க. அந்த வார்த்தையப் பார்த்தாலே நம்ம சனம் பயந்துபோடும். போட்டே ஆகணும்னா முன்னால ‘நல்ல’ன்னு போடுங்க” என்றார். நான் குறிப்பேட்டில் ‘நல்ல’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று பத்தி அகலத் தலைப்பாகத்தான் முதலில் எழுதினேன்: ‘எஸ்டேட் தொழிலாளர் குடலில் அபூர்வமான நல்ல கிருமிகள்’. மலைப் பகுதிக்குப் போகும் பதிப்பு சீக்கிரம் முடியும். மாலை ஆறு மணிக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்து சேர்ந்தது. மூன்று பத்தி இரண்டு பத்தியானது. தலைப்பில் ஒரு சொல் போக வேண்டும்.

நாச்சிமுத்து சாரிடம் கொண்டுபோனேன். விரல் ‘நல்ல’ மேல் நின்றது.

“நல்ல கிருமியா? கிருமில என்ன கண்ணு நல்லது, கெட்டது? நாளைக்கு நல்ல திருடன்னு போடுவியா?” என்று சிரித்தார். தாளைத் திருப்பித் தந்தார். “பாத்துக்க.”

இத்தனை வருடமாக, இடமில்லாமல் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது உண்மையில்லை. ‘அபூர்வமான’ என்பதை எடுத்திருந்தாலும் தலைப்பு அடங்கியிருக்கும். இரண்டையும் எழுதிப் பார்த்து எண்ணினேன். ‘நல்ல’ என்றால் மூன்று எழுத்து. ‘அபூர்வ’ என்று சுருக்கினாலும் நான்கு. எழுத்து குறைவானதே சரியானதாகவும் இருந்தது. ஆனால் ‘அபூர்வ’ என்றால் கண் நிற்கும், ‘நல்ல’ என்றால் நிற்காது. அதனால் ‘நல்ல’ என்பதை அடித்தேன். செய்தி ஆசிரியர் சொன்னதற்காகக்கூட இல்லை. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

தலைப்பும் செய்தியும் புரோமைடு தாளில் அச்சாகி இஸ்மாயில் பாயிடம் போயின. கோட்டைமேட்டுக்காரர். அந்தத் தாள்களைப் பிளேடால் வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவது அவர் வேலை. செய்தி நீளமாக இருந்ததால் வழக்கம்போல வாலை வெட்டினார். டாக்டரின் விளக்கம் முழுவதும் வாலில்தான் இருந்தது. அங்கே வைத்தவன் நான். படத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான். வரிசையில் நின்றவர்களில் ராக்கம்மாவின் முகம் மட்டும்தான் தெளிவாக இருந்தது, இடுப்பில் குழந்தையோடு. அதற்கு மேலே கருப்பாக, பெரிதாக: ‘எஸ்டேட் தொழிலாளர் குடலில் அபூர்வ கிருமிகள்’.

மூன்று வாரம் கழித்து டாக்டர் வசந்தாமணி அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்த ஐஸ் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். காலி.

“நல்லா இருக்கீங்களாங்க?” என்றார். கொங்கு நாட்டில் கோபம் வந்தால் மரியாதை கூடும். “ரெண்டாவது தடவைக்குப் போயிருந்தேனுங்க. ஒருத்தரும் டப்பா வாங்கலீங்க. அந்த லயனுக்கு இப்ப பேரே கிருமி லயன்தானுங்க. பஸ் கண்டக்டர் ‘கிருமி லயன் எல்லாம் எறங்கு’ங்கறாரு. அந்த ராக்கம்மாவக் காப்பகத்துல இருந்து எடுத்துப்போட்டாங்க. அவங்க கையில பால் குடிச்சா கொழந்தைக்குக் கிருமி ஒட்டும்னு தாய்மாருங்க சண்டை புடிச்சாங்களாம். மறுபடியும் கொழுந்துக்குப் போறாங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டு, அந்தச் சரிவுல. ‘நல்ல’ன்னு போடச் சொன்னேனுங்களே. எங்கீங்க அது?”

நாச்சிமுத்து சார் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். அடிக்கோடிட்ட ‘நல்ல’. “நான் எழுதித்தான் குடுத்தேன் மேடம். பேஸ்ட் அப்ல வெட்டிட்டாங்க” என்றேன்.

இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டார்கள். கை துடைத்துக்கொண்டே வந்தார். வால் வெட்டியது நீயா என்று கேட்டார் நாச்சிமுத்து சார். ஆமாங்க என்றார். தலைப்பில்? அவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். “தெரியலீங்க” என்றார். மறுநாளிலிருந்து அவரை முதல் பக்கத்திலிருந்து எடுத்து வரி விளம்பரப் பக்கத்தில் போட்டார்கள்.

திருத்தம் வெளியிட வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அவர் போன பிறகு நாச்சிமுத்து சார், “திருத்தம் போட்டா தப்பு ரெண்டு தடவை அச்சாகும் கண்ணு” என்றார். ஆனாலும் போட்டார். ஏழாம் பக்கத்தில், பொள்ளாச்சி கொப்பரை விலைக்குக் கீழே, நான்கு வரி. மலைப் பதிப்பில் அன்று ஏழாம் பக்கம் முழுக்க டெண்டர் அறிவிப்பு. வால்பாறைக்கு அந்த நான்கு வரி போகவே இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. வேலை பார்த்தேன், சம்பள உயர்வு வாங்கினேன், அறிவியல் செய்திகள் எழுதினேன்.

அந்த இரண்டு வருடத்தின் முடிவில் என் மனைவி ஒரு வேண்டுதலுக்காக ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். போனோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். செய்தவனுக்கு எரிய வேண்டும் என்று வேண்டுதல். நியாயம் கிடைத்ததும் திரும்பி வந்து எண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். ஆட்டுக்கல்லுக்கு வரிசை நின்றது. அதில் தலைக்கு முக்காடிட்டு, எஸ்டேட் பெண்கள் போல நாலைந்து பேர். அவர்களில் யாரும் ராக்கம்மா இல்லை. ஆனால் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மிளகாய் நெடி என்று சொல்லி வெளியே வந்து செருப்புக் காக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். நெடிதான் என்று மனைவி நம்பினார்.

திங்கட்கிழமை இஸ்மாயில் பாயிடம் போனேன். வரி விளம்பரங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். “பாய், அந்தத் தலைப்புல ‘நல்ல’ எடுத்தது நான்தான்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “தெரியும் சார்.”

“எப்படி?”

“பிளேடு பட்டா விளிம்பு தெரியும் சார். நடுவுல ஒரு சொல்லை எடுத்து ஒட்டுனா ரெண்டு பக்கமும் கோடு விழும். அந்தத் தலைப்பு ஒரே துண்டாத்தான் எங்கிட்ட வந்துச்சு. அன்னிக்கே எடுத்துப் பார்த்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்.”

இப்போது நிமிர்ந்தார். “யார்கிட்ட சார்? நீங்க நோட்டைத் தெறந்து காட்டுறீங்க. எங்கிட்ட பிளேடுதான் இருந்துச்சு. உங்க நோட்டை நம்புவாங்களா, என் பிளேட நம்புவாங்களா?” பிறகு பசையைத் தொட்டுக்கொண்டு, “இங்க ஒண்ணும் மோசமில்ல சார். மணமகள் தேவை, வீடு வாடகைக்கு. தப்பா ஒட்டினாலும் யாருக்கும் கிருமி வராது” என்றார்.

நாச்சிமுத்து சாரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு சுக்குத் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். “எனக்குத் தெரியாதா கண்ணு?” என்றார். பாயை முதல் பக்கத்துக்கு மாற்றினார். எனக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. காரணம் இதுதானா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நடந்ததை என் பெயர் போட்டு முழுச் செய்தியாக எழுதுகிறேன் என்றேன். ‘சம்பந்தப்பட்ட அம்மா சரின்னா எழுது’ என்றார்.

ராக்கம்மாவைக் கேட்கத்தான் வால்பாறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. லயன் வாசலில் காலில் ஏதோ பச்சிலையைச் சூடாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். சொல் எப்படிப் போனது, யார் எடுத்தது, பிறகு என்ன பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பச்சிலைக் கட்டை இறுக்கி முடிந்தார்.

“நீங்கதானா சார் அது?” என்றார். “ஆனைமலைக்குப் போய் மொளகா அரைச்சேன். யாருக்குன்னு அரைக்கறது? எழுதினவரு பேரே போடலீங்களே அந்தச் செய்தில. பேப்பர்க்காரன்னு மட்டும் சொல்லி அரைச்சுப் பூசிட்டு வந்தேன்.” பிறகு, “எரிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“எரிஞ்சுது” என்றேன்.

அவர் படத்தோடு மறுபடியும் சரியான செய்தி போடுகிறேன், சம்மதம் வேண்டும் என்றேன். இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“அய்யோ சாமி, வேண்டாங்க. இப்பத்தான் கொஞ்சம் மறந்திருக்காங்க. மறுபடியும் என் மூஞ்சியும் அந்த வார்த்தையும் ஒண்ணா வந்தா போச்சு. நல்லதுன்னு போட்டாலும் சரி, கெட்டதுன்னு போட்டாலும் சரி. பேப்பரே வேண்டாம். எனக்குக் காப்பகம் திரும்பக் கெடைக்கணும். அதுக்கு ஏதாச்சும் செய்ய முடியுமா?”

மறுநாள் அங்கேயே தங்கிக் காப்பகத்துக்குப் போனேன். மதியம் பால் கொடுக்கத் தாய்மார்கள் தேயிலைக் காட்டிலிருந்து வரும் நேரம். வாசலில் நின்று, செய்தி தவறு, தவறு செய்தவன் நான், ராக்கம்மாவிடம் நோய் எதுவும் இல்லை, அந்த டாக்டரம்மா சொன்னது நேர் எதிரானது என்று சொன்னேன். பிறகு ஒரு சின்னப் பெண், குழந்தையை மார்பில் அணைத்தபடியே, “பேப்பர்ல அச்சடிச்சதே பொய்யின்னா, நீங்க வாயில சொல்றத எப்படிங்க சார் நம்பறது?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

எஸ்டேட் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாளிதழின் முத்திரைத் தாளில் எழுதக் கூடாது என்று நாச்சிமுத்து சார் சொன்னதால் வெள்ளைத் தாளில், என் பெயர், முகவரி, கையெழுத்தோடு. எந்தச் சொல்லை ஏன் எடுத்தேன் என்று அதில் எழுதினேன். மேனேஜருக்கு ஒரு விளக்கம் தந்தால் உதவும் என்று டாக்டர் வசந்தாமணிக்கும் எழுதினேன். அவர் விளக்கத்தை நேராக எஸ்டேட்டுக்கே அனுப்பினார், நான்கு பக்கம், பொறுமையாக. எனக்கு ஒரு போஸ்ட் கார்டு மட்டும் வந்தது. ‘உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டதை அனுப்பிவிட்டேன். மனிதக் குடல் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன். இப்போது மாடுகளின் வயிற்றைப் பார்க்கிறேன். அவை பேப்பர் படிப்பதில்லை.’ இரண்டாவது மாதிரி கடைசி வரை எடுக்கப்படவில்லை. முதல் மாதிரியிலிருந்து தெரிய வந்தது என்ன என்பதை உறுதி செய்யவும் முடியவில்லை. இன்று உலகம் முழுக்க நடக்கும் ஆராய்ச்சியைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி ஐஸ் பெட்டி ஞாபகம் வருகிறது.

எட்டு மாதம் கழித்து ராக்கம்மாவிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. அவர் சொல்ல, காப்பகத்து டீச்சர் எழுதியது.

காப்பகத்தில் மறுபடியும் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள், காலுக்குப் பரவாயில்லை என்று இருந்தது. ‘பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டு டம்ளரைக் கொடுத்து அனுப்புகிறாள். காப்பகத்து டம்ளர் வேண்டாமாம், நான் கழுவியது என்பதால். நானும் ஒன்றும் சொல்வதில்லை. முப்பது டம்ளரையும் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறேன். அம்மனுக்கு இன்னும் எண்ணெய் ஊற்றவில்லை. உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் நியாயம் கிடைத்த பிறகுதானே ஊற்ற வேண்டும்? பிள்ளைகள் வீட்டு டம்ளர் இல்லாமல் வரும் அன்றைக்குப் போய் ஊற்றிவிட்டு உங்களுக்குக் கடிதம் போடச் சொல்கிறேன்.’

என் முகவரி இன்றுவரை மாறவில்லை. அப்படி ஒரு கடிதம் வரவில்லை.